மெக்சிகோவின் மண் குவளை: குற்றம் மண்ணில் இல்லை

கைவினைப் பொருள்களும் அவற்றை வாங்குவோரின் பொறுப்பும் என்பது இன்றைய அரங்கின் தலைப்பு. தலைப்பு பெரியது. அதனால் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒரே ஒரு சிறிய பொருளை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது மெக்சிகோ நாட்டின் மண் குவளை.

அந்நாட்டில் 'ஹரித்தோஸ்' என்றொரு குளிர்பானம் விற்கிறார்கள். 1950-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஸ்பானிய மொழியில் ஹரோ என்றால் பிடி வைத்த மண் குவளை. ஹரித்தோஸ் என்றால் சின்னஞ்சிறு மண் குவளைகள். கண்ணாடிப் போத்தலில் அடைத்து விற்கும் சோடாவுக்கு மண் குவளையின் பெயரை ஏன் வைத்தார்கள்? காரணம் எளியது. அந்த நாட்டு மக்களின் நாக்குக்கு, நல்ல பானம் என்றாலே மண் குவளையில் குடித்த பானம்தான். மண்பானைத் தண்ணீரின் ருசி தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் அதில் என்னவெல்லாம் குடிக்கிறார்கள் என்று பாருங்கள். காலையில் 'அத்தோலே'. அது மக்காச்சோள மாவைக் கரைத்துக் காய்ச்சும் இனிப்புக் கஞ்சி. அதில் சாக்லேட் சேர்த்தால் அதற்கு வேறு பெயர், சம்புர்ராதோ. மண்பானையில் இலவங்கப்பட்டையும் வெல்லமும் போட்டுக் கொதிக்கவைக்கும் காப்பி ஒன்று உண்டு. 'பானைக் காப்பி' என்றே அதற்குப் பெயர். ஆனைக்கற்றாழையின் சாற்றைப் புளிக்கவைத்த கள் 'புல்கே'. அதே இனத்துக் கற்றாழையின் குருத்துப் பகுதியைச் சுட்டு, நசுக்கி, புளிக்கவைத்து வடித்தெடுக்கும் சாராயம் 'மெஸ்கால்'. இத்தனைக்கும் மண் பாத்திரம்தான். ஒஹாக்கா மாநிலத்தில் சாந்தா கத்தரீனா மினாஸ் என்ற ஊரில் சாராயம் வடிக்கும் கலத்தைக்கூட மண்ணால்தான் செய்து வைத்திருக்கிறார்கள். செம்புக்கலத்தில் வடித்தால் அந்த வாசம் வராது என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

இந்தக் கைத்தொழிலின் வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள். ஸ்பானியர் வருவதற்கு முன்பு அந்த மண்ணில் குயவர் சக்கரம் கிடையாது. மேலே பூசும் கண்ணாடி மெருகும் கிடையாது. இரண்டும் இல்லாமலே அவர்கள் செய்த பாத்திரங்கள் அரண்மனைக்குப் போயின. அஸ்தெக் பேரரசர் மொக்தெசூமாவின் உணவு சொலூலா ஊரின் மண் பாத்திரங்களில் பரிமாறப்பட்டது என்று, ஸ்பானியப் படையோடு வந்த பெர்னல் தியாஸ் என்ற போர்வீரர் எழுதிவைத்திருக்கிறார். பொன்னுக்குப் பஞ்சமில்லாத அரசர் சாப்பிட்டது மண் தட்டில்.

இன்றும் மெக்சிகோவில் ஊருக்கு ஊர் மண் வேறு, கை வேறு, குவளை வேறு. குவளையைப் பார்த்து ஊரைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எல்லா ஊரையும் சொல்ல நேரமில்லை. மூன்று ஊர்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது தொனலா. குவாதலஹாரா நகரத்தை ஒட்டிய ஊர். இங்கே குவளைக்கு மெருகு பூசுவதில்லை, தேய்க்கிறார்கள். சுடுவதற்கு முன்பு, நிறமண் குழம்பு பூசிய குவளையை வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். பைரைட் என்ற, பொன் போல மின்னும் கனிமத்தால் தேய்ப்பது அந்த ஊரின் பழக்கம். தேய்த்துத் தேய்த்து வருகிற பளபளப்பு அது. இந்தக் குவளையில் தண்ணீர் ஊற்றினால் மழை விழுந்த மண்ணின் வாசம் எழும். அதற்காகவே 17-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுச் சீமாட்டிகள் இவற்றைக் கப்பலில் வரவழைத்தார்கள். தண்ணீரைக் குடித்துவிட்டுக் குவளையையும் கடித்துத் தின்றார்கள்! வேடிக்கைக்குச் சொன்னதல்ல, அந்தக் காலத்து எழுத்துகளில் பதிவான செய்தி. சாம்பலும் திருநீறும் தின்னும் கர்ப்பிணிப் பெண்களைக் கண்ட குடும்பங்களுக்கு இது அவ்வளவு புதுமையாக இராது. ஓவியர் வெலாஸ்கெஸ் 1656-இல் தீட்டிய 'லாஸ் மெனீனாஸ்' என்ற புகழ்பெற்ற ஓவியத்தின் நடுவில் சின்ன இளவரசி நிற்கிறாள். பணிப்பெண் மண்டியிட்டு அவளுக்கு நீட்டுவது ஒரு சிவப்பு மண் குவளை. அது தொனலாவிலிருந்து போனது என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

இரண்டாவது ஊர் ஒஹாக்கா நகருக்குத் தெற்கே உள்ள சான் பார்த்தோலோ கொயோதெப்பெக். கரும்பாண்டம் செய்யும் ஊர். சபோதெக் என்ற பூர்வகுடி மக்கள் வாழும் இடம். இங்கே இன்றும் முறையான குயவர் சக்கரம் இல்லை. ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகின் மேல் இன்னொரு தட்டை நிமிர்த்து வைத்து, மேல் தட்டில் மண்ணை வைத்துக் கையால் சுழற்றிக்கொண்டே வனைகிறார்கள். தரையில் வெட்டிய குழிச்சூளையில் அடுக்கி, விறகிட்டு, நேரம் பார்த்து வாயை மண்ணால் மூடிவிடுவார்கள். காற்று உள்ளே போகாது. புகை வெளியே வராது. அந்த அடைப்பில்தான் மண் கருக்கிறது. பேராக் மாநிலத்தின் லாபு சாயோங் குடுவையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கருமை ஓரளவு கண்ணில் வரும்.

கொயோதெப்பெக்கின் பழைய சாடிகள் சாம்பல் நிறம், மங்கலான தோற்றம். ஆனால் உறுதியானவை. விரலால் தட்டினால் மணி போல ஒலிக்கும். மலைப்பாதைகளில் மெஸ்கால் சாராயம் ஊர் ஊராகப் போனது இந்தச் சாடிகளில்தான். குரங்கு உருவத்தில் செய்த மெஸ்கால் போத்தல் அந்த ஊரின் தனி அடையாளம். பிறகு 1950-களில் ஒரு மாற்றம் வந்தது. தோன்யா ரோசா என்று எல்லாராலும் அழைக்கப்பட்ட ரோசா ரியால் என்ற குயவர், 1900-இல் பிறந்து 1980-இல் மறைந்தவர், ஒரு புதுமுறையைப் பெயர்பெறச் செய்தார். பாத்திரம் முழுதும் உலர்வதற்கு முன் பளிங்குக்கல்லால் தேய்த்து, வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டில் சுட்டார். மங்கலாக இருந்த சாம்பல் நிறம், உலோகம் போல மின்னும் கருமையாக மாறியது. சுற்றுலாப் பயணிகள் திரண்டார்கள். ராக்கஃபெல்லர் போன்ற பெருஞ்செல்வர்கள் வாங்கிப் போனார்கள். ஊர் பிழைத்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறைந்த சூட்டில் சுட்டதால் அந்த மின்னும் சாடியில் தண்ணீர் தங்குவதில்லை, மெல்லக் கசிந்துவிடும். சாராயம் சுமந்த சாடி, சாராயம் ஊற்ற முடியாத அழகுப் பொருளாகிவிட்டது! அதைத் தவறு என்று சொல்வதற்கில்லை. பிளாஸ்டிக் கேன் வந்த பிறகு மலைப்பாதையில் சாடியைத் தூக்கிப் போக யார் இருக்கிறார்கள்? அந்த ஊர்க் குயவர்கள் அலமாரிக்காகச் செய்தார்கள், அலமாரிக்கு என்று சொல்லியே விற்றார்கள். அதில் ஏமாற்று இல்லை.

மூன்றாவது ஊருக்குப் போவதற்கு முன் ஸ்பானியர் வருகையைச் சொல்லிவிட வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் அவர்கள் சக்கரத்தையும் மூடிய சூளையையும் கண்ணாடி மெருகையும் கொண்டுவந்தார்கள். 1531-இல் நிறுவப்பட்ட புவேப்லா நகரில் 'தலவெரா' என்ற வெண்பூச்சுப் பாண்டத் தொழில் வளர்ந்தது. 1653-இல் குயவர் சங்கத்துக்கு எழுத்துமூல விதிகளே வந்துவிட்டன. இன்ன தரம், இன்ன நிறம் என்று கட்டுப்பாடு. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்கப்புல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் சீனப் பீங்கான் வந்து குவிந்தது. அதைப் பார்த்து நீலமும் வெள்ளையுமாகப் புவேப்லாக் குயவர்கள் தீட்டினார்கள். பணக்கார வீடுகளில் சாக்லேட் வைக்கும் தலவெரா சாடிகளுக்கு இரும்பு மூடியும் பூட்டும் போட்டிருந்தார்கள் என்றால் சாக்லேட்டின் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். குவளை கவிழாமல் இருக்க நடுவில் வளையம் வைத்த ஒரு தட்டும் இருந்தது. மன்செரீனா என்று பெயர். மன்செரா என்ற பிரபுவின் பெயரால் வந்ததாகச் சொல்கிறார்கள். விருந்தில் யாரோ ஒரு சீமாட்டி பட்டாடையில் சாக்லேட்டைக் கொட்டிக்கொண்டாராம்.

தலவெராவுக்கு 1995-இல் புவிசார் பெயர்ப் பாதுகாப்புக் கிடைத்தது. 2019-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம் கிடைத்தது. அதற்கு விதி உண்டு, சோதனை உண்டு, முத்திரை உண்டு, விலையும் உண்டு. அதன் கதை அவ்வளவுதான். சிக்கல் ஏழையின் குவளையில் இருக்கிறது.

மூன்றாவது ஊர் அதே ஒஹாக்காவில் உள்ள சாந்தா மரியா அத்சொம்பா. பச்சை மெருகுப் பாண்டத்துக்குப் பெயர்போனது. பச்சை மண் குவளை, பச்சைச் சட்டி, பச்சைக் கூஜா. மெக்சிகோ முழுதும் இதுபோலப் பச்சையாகவும் பழுப்பாகவும் கருப்பாகவும் மின்னும் மலிவான மெருகுப் பாண்டம் செய்யும் ஊர்கள் ஏராளம். சந்தையில் அடுக்கிவைத்திருப்பார்கள். கழுவ எளிது, கசியாது, பார்க்கவும் அழகு. அந்த மின்னலைத் தருவது என்ன? ஸ்பானியத்தில் 'கிரேத்தா' என்பார்கள். காரீய ஆக்சைடு.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்கள், ரசம் வைக்க ஈயச்சொம்பு வைத்திருப்பார்கள். அந்த ஈயம் வெள்ளீயம். அது வேறு உலோகம். கிரேத்தாவில் இருப்பது காரீயம். கார் பேட்டரியில் இருக்கிறதே, அது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, ஈயத்தால் கெடுதல் இல்லை என்று சிலரும் ஈயம் எல்லாமே நஞ்சு என்று சிலரும் பேசிக்கொண்டிருப்பதை இந்த அரங்கிலேயே கேட்டிருப்பீர்கள்.

காரீயத்தைக் குயவர் ஏன் பிடித்துக்கொண்டார்? அது குறைந்த சூட்டிலேயே உருகி, மண்ணின் மேல் கண்ணாடி போலப் பரவும். வீட்டு முற்றத்தில் கட்டிய விறகுச் சூளைக்கு அதைவிட வசதியான மெருகு வேறில்லை. சூடு முன்னே பின்னே இருந்தாலும் பாண்டம் பளபளவென்று வந்துவிடும். ஆனால் அந்தச் சூளையின் சூடு போதாமலும் சீரில்லாமலும் இருப்பதால், காரீயம் முழுதாகக் கண்ணாடிக்குள் கட்டுண்டு போவதில்லை. அதில் ஊற்றும் பானத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும். புளிப்பு கூடினால் அதிகமாக இறங்கும், சூடு கூடினால் அதிகமாக இறங்கும், நேரம் கூடினாலும் அதிகமாக இறங்கும். இப்போது மெக்சிகோ அடுக்களையை நினைத்துப் பாருங்கள். தக்காளியும் மிளகாயும் அரைத்த சாறு, எலுமிச்சை, மணிக்கணக்கில் கொதிக்கும் காப்பி. ஹலிஸ்கோ மாநிலத்தில் 'கந்தரீத்தோ' என்றொரு பானம் உண்டு. தெக்கிலாவில் ஆரஞ்சு, பம்பளிமாஸ், எலுமிச்சை மூன்றின் சாற்றையும் பிழிந்து மண் குவளையில் தருவார்கள். மெருகில்லாத வெறும் மண் குவளையில் தந்தால் பிழையில்லை. உள்ளே காரீய மெருகு பூசிய குவளை என்றால், காரீயத்தைக் கரைத்தெடுக்க அதைவிடப் பொருத்தமான கலவை கிடைக்காது.

காரீயம் உடனே ஆளைச் சாய்க்கும் நஞ்சு அல்ல. அதுதான் தொல்லை. "எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இதில்தான் குடிக்கிறோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்று அந்த ஊர்களில் கேட்கிறார்கள். நியாயமாகத் தோன்றும் கேள்வி. ஆனால் காரீயத்தின் கணக்கை மருத்துவமனையில் பார்க்க முடியாது, பள்ளிக்கூடத்தில்தான் பார்க்க முடியும். சிறு பிள்ளையின் மூளை வளரும் வயதில் அது போய்ச் சேர்ந்தால் அறிவாற்றல் குறைகிறது, கவனம் சிதறுகிறது, படிப்பு ஏறுவதில்லை. பிள்ளை மந்தம் என்று சொல்லி அடிப்போம். குவளையை யார் சந்தேகிப்பார்கள்? பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான காரீய அளவு என்று ஒன்றே கிடையாது என்பது இன்றைய மருத்துவ முடிவு. பெண் பிள்ளையின் உடலில் சேரும் காரீயம் எலும்பில் தங்கியிருந்து, பல ஆண்டுகள் கழித்து அவள் கருவுறும்போது சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து இரத்தத்தில் இறங்கிக் குழந்தைக்கும் போகிறது.

இது வெறும் அச்சுறுத்தல் இல்லை. மெக்சிகோவின் தேசியப் பொதுச் சுகாதாரக் கழகம் 2018-ஆம் ஆண்டின் நாடளாவிய உடல்நல ஆய்வில், சிறு ஊர்களிலும் கிராமங்களிலும் வாழும் 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளையின் இரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் இருந்தது. மெருகுப் பாண்டத்தைப் புழங்கும் வீடுகளில் அது கூடுதலாக இருந்தது. மொரேலோஸ் மாநிலத்தில் 300 தாய்மாரையும் சேய்களையும் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவில், பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ ஏழில் ஒன்றுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே அந்த அளவு காரீயம். பிறக்கும்போதே.

குடிப்பவர் நிலை இது என்றால் செய்பவர் நிலை என்ன? கிரேத்தா என்பது மாவு போன்ற தூள். அதைத் தண்ணீரில் கரைத்து, கையை விட்டுக் கலக்கி, குவளைக்குள் ஊற்றிச் சுழற்றி வடிப்பார்கள். வேலை நடப்பது வீட்டு முற்றத்தில். பக்கத்தில் அடுப்பு, பக்கத்தில் தொட்டில். தூள் உடையில் ஒட்டும், தரையில் படியும். தவழும் குழந்தையின் கை அதில் படும், கை வாய்க்குப் போகும். சூளை மூட்டும் நாளில் புகை வேறு. நகரத்தில் எப்போதோ ஒரு குவளையில் குடித்தவருக்குக் கிடைப்பது ஒரு துளி என்றால், வனைந்தவரின் பிள்ளைக்குக் கிடைப்பது தினப்படி.

"அப்படியானால் தடை செய்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்கத் தோன்றும். மெக்சிகோ அரசு சும்மா இருக்கவில்லை. 1990-களின் இறுதிக்குள் காரீயம் கலந்த பெட்ரோலை நிறுத்திவிட்டது. உணவு டின்களின் பற்றவைப்பில் இருந்த காரீயமும் போய்விட்டது. நகரப் பிள்ளைகளின் இரத்தத்தில் காரீயம் மளமளவென்று இறங்கியது. மெருகுப் பாண்டத்துக்கும் 1990-களிலேயே விதி வந்தது, 2002-இல் புதிய விதி, 2016-இல் மீண்டும் திருத்தம். ஆனால் பெட்ரோல் ஓர் அரசு நிறுவனத்திடமிருந்து வந்தது. ஒரு குழாயை மூடினால் நின்றுவிட்டது. குவளையோ ஆயிரக்கணக்கான முற்றங்களிலிருந்து வருகிறது. எந்த அதிகாரி எந்த முற்றத்தில் போய் நிற்பார்? விதி தாளில் இருக்கிறது, கிரேத்தா கடையில் இருக்கிறது.

சரி, மாற்று இல்லையா? உண்டு. போரான் சேர்த்த, காரீயம் இல்லாத மெருகுகளை 1990-களிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். 1974-இல் தொடங்கிய ஃபொனார்த் என்ற அரசுக் கைவினை நிதியமும், பியூர் எர்த் போன்ற தொண்டு அமைப்புகளும் ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தன. மிச்சோஅக்கான் மாநிலத்தின் கப்புலா போன்ற ஊர்களில் மாறிய குயவர்கள் இருக்கிறார்கள். புள்ளி புள்ளியாய்ப் பூப்போட்ட அவர்களுடைய பாத்திரங்களைக் கடைகளில் காரீயமற்றவை என்று சொல்லியே விற்கிறார்கள். ஆனாலும் பெரும்பாலோர் மாறவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மாறவில்லை. இதை அறியாமை என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது பட்டணத்துக்காரர்களுக்கு எளிது.

குயவரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். புதிய மெருகின் விலை அதிகம். அது சரியாக உருகச் சூளை ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியசை எட்ட வேண்டும், எட்டினால் மட்டும் போதாது, எல்லா மூலையிலும் ஒரே சூடு நிற்க வேண்டும். பழைய சூளையில் அது வராது. மேல்வரிசையில் மெருகு பொங்கிவிடும், கீழ்வரிசையில் சொரசொரவென்று நின்றுவிடும். ஒரு சூளை கெட்டால் பல வார உழைப்பு போயிற்று. கூடுதல் சூட்டுக்குக் கூடுதல் விறகு. அதையும் தாண்டி ஒரு கொடுமை இருக்கிறது. பல்லாண்டுகள் கிரேத்தா வெந்த சூளையின் செங்கல்லில் காரீயம் ஊறிப்போயிருக்கும். அதே சூளையில் புதிய மெருகுப் பாண்டத்தைச் சுட்டால் அந்தக் காரீயம் இதிலும் ஏறிவிடும். ஆக, தூளை மாற்றுவதோடு கதை முடியவில்லை. சூளையை மாற்ற வேண்டும், தொட்டியை மாற்ற வேண்டும், அரைக்கும் கல்லை மாற்ற வேண்டும். அத்தனையும் செய்துவிட்டுச் சந்தைக்குப் போனால் என்ன நடக்கிறது? பக்கத்தில் கிரேத்தா பூசிய குவளை இன்னும் பளபளப்பாக, இன்னும் மலிவாக நிற்கிறது. வாங்குபவர் இரண்டையும் தூக்கிப் பார்க்கிறார். மலிவானதை எடுக்கிறார். அதிலும் பேரம் பேசுகிறார்!

பேரம் பேசாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் இந்த அரங்கில் எத்தனை கை உயரும்? கைவினைப் பொருள் என்றாலே மலிவாகக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் மெக்சிகோவுக்கு மட்டும் உரியதல்ல. பேரங்காடியில் ஒட்டிய விலையைப் பேசாமல் கொடுக்கிறோம், தரையில் விரித்து உட்கார்ந்திருப்பவரிடம் பாதி விலைக்குக் கேட்கிறோம். அந்தப் பாதி விலைக்குள் காரீயமற்ற மெருகு அடங்காது. இந்தச் சிக்கலில் சட்டத்துக்கு ஒரு பங்கு, கடைக்காரருக்கு ஒரு பங்கு என்றால், வாங்குபவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்கை ஏழைக் குயவரின் தலையில் கட்டுவது முறையல்ல.

இன்னொரு பக்கம், "ஆபத்து என்று தெரிந்த பிறகு மெக்சிகோ மண் பாண்டமே வேண்டாம்" என்று ஒதுக்குவோரும் உண்டு. அதுவும் தவறு. தொனலாவின் தேய்த்த குவளையில் மெருகே கிடையாது. அங்கேயே வேறு வழியும் பிறந்தது. 1928-இல் பிறந்து 2012-இல் மறைந்த ஹோர்ஹே வில்மோத் என்ற கலைஞர் தொனலாவில் பட்டறை அமைத்து, உயர் சூட்டில் சுடும் கற்பாண்டத்தை அறிமுகப்படுத்தினார். ஊரின் பழைய பறவைகளும் பூக்களும் அந்தப் பாண்டத்தில் இடம்பிடித்தன. அத்தகைய சூட்டில் காரீயத்துக்குத் தேவையே இல்லை. குவானஹுவாத்தோவில் 1939 முதல் 2017 வரை வாழ்ந்த கோர்க்கி கொன்சாலெஸ் ஜப்பானுக்குப் போய்த் தொழில் கற்று வந்து, ஏறக்குறைய மறைந்துபோன வெண்பூச்சுப் பாண்டத்தை மீட்டார். மரபு என்பது கிரேத்தாத் தூள் அல்ல. கிரேத்தா வந்தது 16-ஆம் நூற்றாண்டில். கை அதற்கும் மூத்தது.

இனி, பயணம் போகும் நேயர்களுக்கும் கடைகளில் இவற்றைக் காண்போருக்கும் பயன்படும் சில விவரங்கள். கண்ணால் பார்த்து, தட்டிப் பார்த்து, காரீயம் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. தட்டினால் வரும் ஒலி பாண்டம் நன்றாக வெந்ததா, விரிசல் உண்டா என்பதைத்தான் சொல்லும். 'காரீயமற்றது' என்று ஒட்டிய சீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அப்படிச் சீட்டு ஒட்டிய மரபுப் பாண்டங்களிலும் காரீயம் கண்டதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-இல் எச்சரித்தது. வேண்டுமென்று செய்த பொய்யாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பழைய சூளைச் செங்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பட்டறை, எந்தச் சூளை, சோதனைச் சான்று உண்டா என்று கேட்டால் நேர்மையான விற்பனையாளர் பதில் சொல்வார். சிலர் "அலங்காரத்துக்கு மட்டும்" என்பார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு அலங்காரத்துக்கே வாங்கலாம்.

மெக்சிகோ வீடுகளில் புதுப் பானையைப் 'பழக்குவது' என்று ஒன்று உண்டு. சுண்ணாம்பு தடவுவார்கள், பூண்டு தேய்ப்பார்கள், தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் கொட்டுவார்கள். வெடிப்பு விழாமல் இருக்கவும் மண்வாடை போகவும் அது உதவலாம். காரீயத்தை அது வெளியேற்றாது. பல முறை கழுவினாலும் வெளியேறாது. சொல்லப்போனால் தேய்ந்து பழையதான மெருகு இன்னும் எளிதாகக் கரையும்.

'சின் புளோமோ' என்பது ஸ்பானியத்தில் காரீயம் இல்லாதது என்று பொருள்படும் சொல். மெக்சிகோச் சந்தையில் வாங்குவோர் இப்படிக் கேட்கத் தொடங்கியதும், சில குயவர்கள் அந்தச் சொல்லைக் குவளையின் அடியிலேயே எழுதத் தொடங்கினார்கள். கேட்பவர் இருந்தால் எழுதுவார்கள், விலை கிடைத்தால் சூளையை மாற்றுவார்கள். யாரும் கேட்காத ஊரில் யார் மாற்றுவார்?

வீட்டில் ஏற்கெனவே, யாரோ பரிசாகத் தந்த, எங்கிருந்து வந்தது என்று தெரியாத பளபளப்பான மண் குவளை இருந்தால் அதை உடைத்துப் போட வேண்டியதில்லை. காப்பியும் எலுமிச்சைச் சாறும் மோரும் அதில் ஊற்றாதீர்கள், பிள்ளைகளுக்கு அதில் எதையும் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். ஊறுகாய்க்குக் கட்டாயம் வேண்டாம். எழுதுகோல் போட்டு மேசையில் வைக்கலாம்.